பத்து கிலோ அரிசியும் ஒரு பேத்தியும்

2023 செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். மோட்டார் போட்டு மேல்தொட்டியை நிரப்பினேன். நாள்காட்டியில் சனிக்கிழமையைக் கிழித்து, பின்பக்கம் எழுத உதவும் என்று கிளிப்பில் மாட்டினேன். காப்பி குடித்துவிட்டு நானும் மனைவியும் ஆறரை மணிப் பூசைக்குப் போய் வந்தோம். வாசலில் பட்டினச்சேரியிலிருந்து கூடை கொண்டுவரும் அம்மா காத்திருந்தார். கிழங்கான் மீன் வாங்கினோம்.

மாதத்தின் முதல் ஞாயிறு என்பதால், வீட்டில் தொங்கும் பொருள்கள் எல்லாவற்றையும் பரிசோதித்தேன். மின்விசிறிகள், கூடத்து விளக்கு, திருஇருதயப் படம் மாட்டிய ஆணி, துணிக்கொடி, பேத்தியின் தூளி தொங்கும் இரும்புக் கொக்கி. படுக்கையறை விசிறியில் ஒரு நட்டு கால் சுற்று இளகியிருந்தது. இறுக்கினேன்.

என் தொழிலே இதுதான். கீழவாஞ்சூர் துறைமுகத்தில் சரக்கு தூக்கும் சாமான்களைப் பார்வையிட்டுச் சான்று தருவது. நிலக்கரிக்கு நான் தேவையில்லை. அதை இரும்பு வாய் வைத்து அள்ளிவிடுவார்கள். இயந்திரமோ குழாய்க்கட்டோ வந்தால், அதைச் சுற்றிக் கட்டித் தூக்கும் பெல்ட், கம்பிக் கயிறு, சங்கிலி, வளையம் எல்லாம் என் கைக்கு வந்துதான் கிரேனுக்குப் போகும். தையல் பிரிந்திருக்கிறதா, நூல் கருகியிருக்கிறதா, வளையத்தில் கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பேன். தேறினால் அடையாள வில்லை ஒன்று கட்டுவேன். மூன்று மாதத்துக்கு ஒரு நிறம், அப்போது பச்சை. பச்சை வில்லை இல்லாத எதையும் யாரும் கொக்கியில் மாட்டக் கூடாது. நான் வில்லை கட்டிய எதுவும் இதுவரை அறுந்ததில்லை.

அன்று பதினோரு மணிக்கு எனக்கே ஒரு பரிசோதனை இருந்தது. நடத்தப்போகிறவள் என் மகள்.

மகள் நாகையில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியை. மருமகன் கத்தாரில் வேலை பார்க்கிறார். பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள் இங்கேயேதான் இருந்தாள். பிரசவ விடுப்பு அந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்தது. திங்கட்கிழமை வந்தால் வாருங்கள், வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறோம் என்று பள்ளித் தலைமையாசிரியை சொல்லியிருந்தார். குழந்தைக்கு நாலாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. மத்தியானம் தூளியில் போட்டால் மூன்று மணி நேரம் அசையாமல் தூங்கும். காலையில் மட்டும் தூளி ஆகாது, பாய் ஆகாது, மடி ஆகாது. யாராவது தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். என் மனைவிக்கு வலது தோள்பட்டை இறுகிப்போய், கையைக் காதுக்கு மேல் கொண்டுபோக முடியாது. சீவிக்கொள்வதே இடது கையால்தான். நான் அந்தத் திங்கட்கிழமை முதல் பிற்பகல் ஷிப்ட் கேட்டு வாங்கியிருந்தேன். ஆகவே காலையில் குழந்தை என் பொறுப்பு. ஐந்தரை கிலோவைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து மணி நேரம் நடப்பது என் இடுப்புக்கு நல்லதில்லை என்பதால், மார்போடு கட்டிக்கொள்ளும் துணி ஒன்று வாங்குவது என்று முடிவானது.

மகளின் நிபந்தனை ஒன்றுதான். நான் குழந்தையைக் கட்டிக் காட்ட வேண்டும். அவளுக்குத் திருப்தியானால் வேலைக்குப் போவாள். இல்லாவிட்டால் ராஜினாமா.

துணியைத் தேர்ந்தெடுக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். எடையைத் தூக்குவது பற்றி இந்த வீட்டில் என்னைவிடத் தெரிந்தவர் யார்?

முதலில் வந்தது கறுப்பு நிறத்தில், உள்ளே பஞ்சு வைத்து, முன்னும் பின்னும் கொக்கிகள் போட்டது. மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தால் விமானத்திலிருந்து குதிக்கப்போகிறவன் மாதிரி இருந்தேன். ஆனால் அதில் எடை வரம்பு தைக்கப்பட்டிருந்தது. அதனால் எனக்கு அதன்மேல் மரியாதை வந்தது. எவ்வளவு எடையில் அறுந்துபோகும் என்பதுதான் போடப்படவில்லை. வாடிக்கையாளர் சேவைக்குத் தொலைபேசியில் கேட்டேன். பேசிய பெண், இது குழந்தைக்குத்தான் சார் என்றாள். அது தெரியும், எத்தனை கிலோவில் அறும் என்று கேட்டேன். உங்க பேபி எவ்வளவு சார் இருக்கு என்று கேட்டாள். ஐந்தரை என்றேன். அப்ப அறாது சார் என்றாள். அறும்வரை ஏற்றிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். சற்று நேரம் பாட்டு ஓடியது. பிறகு இணைப்பு போய்விட்டது. அதற்குள் மகள் குழந்தையை அதில் ஒருமுறை உட்காரவைத்துப் பார்த்திருந்தாள். எங்கள் ஊர் வெயிலுக்கு அந்தப் பஞ்சு ஆகவில்லை. குழந்தை சிவந்துபோய், நெற்றியெல்லாம் வியர்த்து, கால்கள் இரண்டும் கீழே தொங்கின. திருப்பி அனுப்பினோம்.

இரண்டாவது வந்தது நீளமான, இழுத்தால் நீளுகிற பனியன் துணி. அதைத் தோளில் போட்டு, முதுகில் குறுக்காக இழுத்து, முன்னால் கொண்டுவந்து, மறுபடி பின்னால் கொண்டுபோய் முடிச்சுப் போட வேண்டும். கட்டிப் பழகலாம் என்று ஒரு மத்தியானம் கூடத்தில் நின்று முயன்றேன். இரண்டாவது சுற்றில் ஜன்னல் கம்பியும் உள்ளே வந்துவிட்டது. எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. மனைவிக்கு ஒரு கைதான். அவளால் அவிழ்க்க முடியவில்லை. குழந்தையோடு தூங்கிக்கொண்டிருந்த மகளை எழுப்ப வேண்டாம் என்று நானே சொன்னதால், அவள் தானாக எழுந்து வரும்வரை ஜன்னலோடு நின்றேன். மனைவி ஒரு தம்ளர் மோர் கொடுத்தாள்.

"வெளியில போற வர்றவங்களப் பாத்துக்கிட்டு நில்லுங்க. பொழுது போவும்" என்றாள்.

அதையும் திருப்பி அனுப்பினோம்.

மூன்றாவதுதான் இது. கெட்டியான பருத்தித் துணி, ஒரு நுனியில் இரண்டு அலுமினிய வளையங்கள். துணியின் மறு நுனியை இரண்டு வளையங்களுக்குள்ளும் விட்டு, ஒன்றின் மேல் திருப்பி இழுத்தால் இறுகிக்கொள்ளும். முடிச்சே இல்லை. வளையத்தைப் பார்த்ததும் என் மனம் இளகிவிட்டது. பூதக்கண்ணாடி வைத்துச் சுற்றுமுற்றும் பார்த்தேன். பற்றவைத்த இடம் எங்கும் இல்லை, ஒரே வார்ப்பு. துறைமுகத்து இயந்திரத்தில் இழுத்துப் பார்த்தால் ஐயம் தீரும். ஆனால் அலுவலகச் சாதனத்தை வீட்டு வேலைக்குப் பயன்படுத்துவது முறையல்ல. ஆகவே தூளியைக் கழற்றிவிட்டு, அந்தக் கொக்கியில் இந்தத் துணியை மாட்டி, இருபது லிட்டர் தண்ணீர்க் கேனை உள்ளே வைத்து ஒரு பகல் முழுக்கத் தொங்கவிட்டேன். அன்று மத்தியானம் குழந்தைக்குத் தூளி இல்லாமல் போனதைப் பற்றி மகள் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாள். அதை இங்கே எழுத வேண்டியதில்லை. பேத்தியைப் பார்க்க வந்த, எங்கள் தேவாலயத்துப் பங்கு மன்றப் பெண்கள் இருவர், தொங்கிக்கொண்டிருந்த துணியிடம் நேராகப் போய்க் குனிந்தார்கள். என் மனைவி கேனைச் சாய்த்து ஆளுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள்.

நிற்கும் எடையைத் தாங்குவது வேறு, நடக்கும் எடையைத் தாங்குவது வேறு. ஆகவே அடுத்தது நடைச் சோதனை. ஏற்றப்போகும் எடையைப் போல் இரண்டு மடங்கு வேண்டும். பத்து கிலோ பொன்னி அரிசிப் பை இருந்தது. கணக்குக்கு ஒரு கிலோ குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். பையோடு அதைத் துணிக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு மாலை நடைக்குக் கிளம்பினேன்.

மனைவி வழிமறித்தாள். அரிசியைக் கட்டிக்கொண்டு நடந்தால் தெருவில் சிரிப்பார்கள் என்றாள். பேத்தியின் பின்னல் குல்லாய் ஒன்றை எடுத்துவந்து பையின் வாய்மேல் மாட்டி, துணியை நன்றாக இழுத்து மூடிவிட்டாள். இப்போது பார்ப்பவர்கள் குழந்தை என்று நினைத்துக்கொள்வார்கள் என்று சமாதானம் சொன்னாள்.

எங்கள் வீட்டிலிருந்து தமிழ்நாட்டு எல்லை நடக்கிற தூரம். சோதனைச் சாவடியைத் தாண்டி நாகூர் பக்கம் ஒரு டீக்கடை உண்டு. என் மாலை நடை எப்போதும் அதுவரைதான். சோதனை என்பதற்காகப் பாதையை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. எங்கள் பக்கம் மது விலை குறைவு என்பதால், தமிழ்நாட்டுக்குள் கடத்தும் பாட்டிலை அந்தச் சாவடியில் தேடுவது அன்றாட வேலை. வயிற்றில் கட்டியும் காலில் கட்டியும் கொண்டுபோகிறவர்கள் உண்டு. பதினான்கு வருடமாக நடக்கும் என்னை யாரும் நிறுத்தியதில்லை. அன்று புதிதாக வந்திருந்த ஒரு காவலர் நிறுத்தினார். பாட்டிலைப் பற்றி அவர் கேட்கவில்லை.

"கொழந்த மூஞ்சிய இப்புடி மூடிப் போட்டிருக்கீங்களே அண்ணே, மூச்சு விட வேணாமா?"

இது குழந்தை இல்லை என்று சொன்னேன். அவர் அரை அடி பின்வாங்கினார். பிறகு ஒரு விரலால் துணியை விலக்கி, குல்லாயைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னது இது?"

"பொன்னி."

"அரிசிக்கு எதுக்கு குல்லா?"

"வீட்ல போட்டு விட்டாங்க."

அவர் உள்ளே உட்கார்ந்திருந்த பெரியவரை அழைத்தார். இருவரும் பையின் வாயைப் பிரித்தார்கள். இளையவர் முழங்கை வரைக்கும் கையை விட்டு அரிசியைத் துழாவினார். பாட்டில் ஏதும் அகப்படவில்லை. குழந்தை எங்கே என்று பெரியவர் கேட்டார். வீட்டில் தூங்குகிறது என்றேன்.

"கொழந்தைய வீட்ல வுட்டுட்டு அரிசியத் தாலாட்டிக்கிட்டு வர்றீங்க."

இரண்டு மடங்கு எடையின் அவசியத்தை அவருக்கு விளக்கினேன். துறைமுகத்தில் செய்வதைத்தான் செய்கிறேன், துணி நன்றாகத் தாங்குகிறது, தோளில் அழுத்தம் சீராகப் பரவுகிறது என்று சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவான குரலில், "எவ்வளவு நாளா சார் இப்புடி இருக்கு?" என்று கேட்டார். துணி வந்து நாலு நாள் என்றேன்.

போகச் சொன்னார்கள். டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். இப்போது வேறு சிக்கல். நாகூர் பக்கமிருந்து அரிசி தமிழ்நாட்டை விட்டு வெளியே போகிறது. அந்தப் பக்கம் நின்ற காவலர், இது ரேஷன் அரிசியா என்று கேட்டு, ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பினார். சற்று முன் இங்கிருந்து உள்ளே போன அரிசிதான், அதுவே திரும்பி வருகிறது என்று சொன்னேன். அரிசி எதற்காகப் போய்த் திரும்பி வர வேண்டும் என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. நான் பதில் சொல்லுமுன் எதிர்ப்புறத்திலிருந்து முதல் காவலர் குரல் கொடுத்தார்.

"அவர வுடுய்யா. அது கொழந்த."

வீட்டுக்கு வந்து துணியை அவிழ்த்துப் பார்த்தேன். தையல் எங்கும் விடவில்லை, வளையத்தில் வழுக்கல் இல்லை. வளையத்துக்குப் பக்கத்தில் ஒரு பச்சை வில்லை கட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குக் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து கூடத்தில் நின்றேன். மகள் நாற்காலியில் உட்கார்ந்தாள். மனைவி சமையலறை வாசலில் இடது கையில் கரண்டியோடு நின்றாள். குழந்தை காலைப் பாட்டை ஆரம்பித்திருந்தது.

எடையைத் தாழ்வாக வைத்தால்தான் ஆடாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். ஆகவே துணியைத் தொப்புள் மட்டத்துக்கு இறக்கி, அகலமாக விரித்து, குழந்தையைப் படகில் கிடத்துகிற மாதிரி குறுக்காகக் கிடத்தினேன். நழுவாமல் இருக்கத் துணியின் மேல்விளிம்பை இழுத்து மூடினேன். வளையத்தை இறுக்கினேன். இரண்டு கைகளையும் விட்டுவிட்டு, கூடத்தில் ஒரு நடை போய்த் திரும்பினேன். திரும்பும்போதே அழுகை நின்றுவிட்டது. துணிக்குள் ஒரு அசைவும் இல்லை. துறைமுகத்தில் சரக்கு இப்படித்தான் அடங்க வேண்டும்.

"பாரு, அமைதியாயிட்டா" என்றேன்.

மகள் எழுந்து வந்தாள். ஓடி வரவில்லை, ஆனால் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. துணியை விலக்கினாள். குழந்தையின் முகவாய் நெஞ்சில் புதைந்திருந்தது. மூக்கு என் சட்டையில் அழுந்தியிருந்தது. ஒரு கையை அடியில் கொடுத்து வெளியே எடுத்துத் தோளில் சாய்த்தாள். குழந்தை ஒரு தும்மல் போட்டுவிட்டு, எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. விட்ட இடத்திலிருந்து அழ ஆரம்பித்தது.

"அப்பா" என்றாள் மகள். "அரிசி மூச்சு விடாதுப்பா."

குழந்தையோடு அறைக்குள் போய்விட்டாள். என் தோளிலிருந்து துணி காலியாகத் தொங்கியது. சாவடிக் காவலர் முதலில் கேட்ட கேள்வி அப்போதுதான் எனக்குள் வந்து சேர்ந்தது. அவர் பாட்டில் தேடுகிறவர். ஆனாலும் துணிக்குள் குழந்தை என்று நினைத்தவுடன் மூச்சைத்தான் கேட்டார். நான் அவருக்கு எடை பற்றிப் பதில் சொன்னேன். நான் இதுவரை தூக்கிய எதற்கும் மூக்கு இருந்ததில்லை.

மனைவி நாற்காலியை நிமிர்த்தி வைத்தாள். "அவ போன எடுத்து வச்சிக்கிட்டு உக்காந்துருக்கா. இஸ்கூலுக்கு எழுதுறா போலருக்கு" என்றாள்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். சோறு பொலபொலவென்று இருந்தது. என்ன அரிசி என்று கேட்டேன். பத்து கிலோப் பையைத்தான் பிரித்தேன், எல்லை தாண்டிப் போய்வந்த அரிசி ருசியாக இருக்கிறதா என்று மனைவி கேட்டாள். மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே கிழங்கானின் முள்ளை எடுத்தாள். உதட்டோரம் மட்டும் கொஞ்சம் அசைந்தது. அந்த இடைவெளியில் நான் கேட்டேன்.

"என்னென்ன பாக்கணும்னு சொல்லு. ஒண்ணு விடாம."

 கை கழுவிவிட்டு வந்துதான் சொன்னாள். அவளுக்குப் பிரசவம் பார்த்த மருத்துவமனையின் செவிலியரிடமும் குழந்தை மருத்துவரிடமும் கேட்டு வைத்திருந்தாள். குழந்தை மாதம் நிறைந்து பிறந்தது, எடையும் நன்றாக ஏறியிருக்கிறது, ஆகவே கட்டலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தாராம்; குறைமாதக் குழந்தை என்றாலோ சளி பிடித்திருந்தாலோ கேட்காமல் கட்டக் கூடாதாம். துணி அறுந்து விழுவதைப் பற்றி அவர்கள் பேசவே இல்லையா என்று கேட்டேன். பழசானால் பிரிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள், அவ்வளவுதான் என்றாள். என் பரிசோதனை முழுவதும் அவர்களுக்கு ஒரே ஒரு வரி.

நாலு மணிக்குக் குழந்தை எழுந்தது. மகள் முதலில் தன்மேல் கட்டிக் காட்டினாள். நான் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு சரக்கைச் சுற்றி வருவதுபோல அவளைச் சுற்றி வந்து பார்த்தேன். நான் செய்ததற்கு எல்லாமே தலைகீழாக இருந்தது. குழந்தை கிடக்கவில்லை, நிமிர்ந்து இருந்தது. தொப்புளில் இல்லை, நெஞ்சில். துணி ஒரு முழங்கால் மடிப்பிலிருந்து மறு முழங்கால் மடிப்பு வரை விரிந்து, முழங்கால்கள் புட்டத்தைவிட உயரமாக, தவளை உட்கார்ந்திருப்பது போல. முதுகு துணியோடு ஒட்டி, எங்கும் தொளதொளப்பில்லாமல். முகம் ஒருபக்கம் திரும்பி, மூக்கும் வாயும் வெளிக்காற்றில். குனிந்து பார்க்கத் தேவையில்லாமல், கண்ணைத் தாழ்த்தினாலே முகம் தெரிந்தது. முகவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவில் இரண்டு விரல் வைத்துக் காட்டினாள்.

பிறகு என் முறை. வளையத்தைத் தோளுக்குச் சற்றுக் கீழே வைத்தேன். குழந்தையை நெஞ்சில் நிமிர்த்தி, துணியை முழங்கால் வரை விரித்து, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து இறுக்கினேன். ஒரு கையை அதன் முதுகைவிட்டு எடுக்கவில்லை. இதுவரை சரி என்றாள் மகள். குழந்தை அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கண்முன் தொங்கிய பச்சை வில்லையை வாயில் கவ்வியது. மகள் அதன் வாயிலிருந்து எடுத்தாள். அது மறுபடி கவ்வியது.

மகள் என்னைப் பார்த்தாள். வில்லை இல்லாத எதையும் மாட்டக் கூடாது என்ற விதியை அவளுக்கு நினைவூட்டலாமா என்று நினைத்தேன். அதற்குள் கத்தரிக்கோல் வந்துவிட்டது. அந்தத் துணியில் அபாயமான பொருள் என்று மொத்தம் ஒன்று இருந்தது. அதைக் கட்டியது நான். அவள் அதை வெட்டி அம்மாவிடம் கொடுத்தாள்.

"தேறுனப்புறம் இத ஒங்க அப்பா சட்டையில கட்டி வுடுறேன்" என்றாள் மனைவி.

குனியும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்க வேண்டும், ஒரு கை குழந்தையின் மேல் இருக்க வேண்டும், செய்து காட்டினேன். அடுப்பங்கரைக்குப் போகக் கூடாது, சூடான டீத் தம்ளரைக் கையில் எடுக்கக் கூடாது, வண்டியில் ஏறவே கூடாது, சம்மதித்தேன். சாவடிப் பக்கம் போகக் கூடாது என்பதை மனைவி சேர்த்தாள்.

"கடைசியா ஒண்ணு" என்றாள் மகள். "தலையக் குனிஞ்சா அவ உச்சியில முத்தம் குடுக்குற ஒசரத்துல இருக்கணும்."

குனிந்து முத்தம் கொடுத்தேன். குழந்தை வீறிட்டது.

எனக்கு இருபத்திரண்டு வயதிலிருந்து மீசை உண்டு. கத்தரித்து, சீவி, அளவாக வைத்திருப்பேன். பேத்தியை இதற்குமுன் நான் முத்தமிட்டதில்லை. கன்னத்தை விரலால் தொட்டு விரலை முத்தமிடுவதுதான் என் வழக்கம். முடியில்லாத உச்சந்தலையில் என் மீசை குத்தியிருக்கிறது. அழுகை ஓய்ந்ததும் மறுபடி சரிபார்த்தேன். மறுபடி வீறிட்டது. மூன்றாவது தடவை நான் குனிய ஆரம்பித்தபோதே அழுதது.

"அப்பா, அந்த ஒசரத்துல இருக்கணும்னுதான் சொன்னேன். முத்தம் குடுத்தே ஆவணும்னு இல்ல."

"குடுக்காம எட்டுதுன்னு எப்புடித் தெரியும்?"

"பாத்தாலே தெரியும்."

"பாத்துட்டு எழுதுறதுக்குப் பேரு பரிசோதனை இல்லம்மா. மத்த எல்லாத்தையும் தொட்டுப் பாக்குறேன். இத மட்டும் ஏன் வுடணும்?"

என் தொழிலில் கண்பார்வையிலேயே வில்லை கட்டுகிறவர்கள் உண்டு. அவர்களைப் பற்றி என் அபிப்பிராயம் மகளுக்குத் தெரியும். சிறுவயதிலிருந்து சாப்பாட்டு மேசையில் கேட்டு வளர்ந்தவள். காலையில் அரிசியைப் பற்றிச் சொன்னவளும் அவள்தான். ஒரு சரிபார்ப்பை விட்டுவிடுங்கள் என்று அவளால் வற்புறுத்த முடியவில்லை. நெற்றியில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நீண்டு, கண்ணைத் துடைத்துக்கொள்ளும் வரை போனது. மனைவியும் சேர்ந்துகொண்டாள். குழந்தை மட்டும் என் மீசையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தது.

பள்ளிக்கு ராஜினாமா எழுதி அனுப்பிவிட்டாயா என்று கேட்டேன். இன்னும் அனுப்பவில்லை, எழுதி வைத்திருக்கிறேன் என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"நீங்க கட்டுறது இப்ப சரியா இருக்குப்பா. எனக்குப் பயம் இல்ல. ஆனா நீங்க அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா பரிசோதிப்பீங்க, அவ அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா கத்துவா. அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு நான் எப்புடி பஸ் ஏறுவேன்? காலைல ஏழரைக்குக் கட்டுங்க. அவ அழுவாம இருந்தா அத அழிச்சிட்டுக் கெளம்புறேன்."

அவள் சொன்னதில் பிழை இல்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன், குழந்தையைத் தூக்காமல், துணியை மட்டும் கட்டி இறுக்கி அவிழ்த்து இரண்டு தடவை பழகினேன். வெட்டிய வில்லையை மனைவி அலமாரிக் கண்ணாடி ஓரத்தில் செருகி வைத்திருந்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை, ஐந்து மணிக்கு எழுந்தேன். மோட்டார் போடவில்லை. நாள்காட்டியைக் கிழிக்கவில்லை. காப்பிக்கும் உட்காரவில்லை. முதல் வேலையாகக் குளியலறைக் கண்ணாடி முன் நின்று, விளக்கைப் போட்டு, மீசையை எடுத்தேன். எடுத்துவிட்டு, புறங்கையை மேலுதட்டில் தேய்த்துப் பார்த்தேன். வலது ஓரத்தில் கொஞ்சம் சொரசொரத்தது. மறுபடி ஒரு தடவை மழித்தேன்.